ஆறு மணிக்குத் தொடங்கும் சண்டை

"பகல் முழுக்க நல்லாத்தான் இருக்கான் மேடம். சாயங்காலம் நோட்டை எடுத்தா வீடு ரெண்டாயிடுது."

ஒன்பது வயதுப் பையனை அழைத்துவந்த ஓர் அம்மா சொன்னது இது. பள்ளியிலிருந்து வந்த குறிப்பில் கவனமில்லை, அடம்பிடிக்கிறான், பக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்கிறான் என்று எழுதியிருந்தது. பையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அதுவரை பேசாமலிருந்த அப்பா, "நானும் சின்ன வயசுல இப்படித்தான். அடி வாங்கித்தான் திருந்தினேன்" என்றார். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இந்த மூன்று பேரும் வெவ்வேறு முகங்களோடு என் அறைக்கு அடிக்கடி வருகிறார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் மதிப்பெண் அட்டையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் அந்த மாலை நேரத்தை நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொல்வேன். நோட்டை யார் எடுத்தது? முதல் வார்த்தை யாருடையது? அவன் என்ன செய்தான்? அப்புறம்? அந்த அம்மா யோசித்து யோசித்துச் சொன்னார். "உட்காருன்னு சொல்வேன். காதுல விழாத மாதிரி இருப்பான். தண்ணி வேணும்பான், பென்சில் காணோம்பான். அஞ்சாவது தடவை கத்திடுவேன். நோட்டைத் தூக்கி எறிவான். ஒருநாள் அடிச்சிடுறேன். இன்னொருநாள் அலுத்துப்போயி நானே எழுதிக் கொடுத்துடுறேன்."

அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டுப்பாடம் நடக்கவில்லை. ஆனால் வேறு இரண்டு பாடங்கள் நன்றாகவே நடக்கின்றன. போதுமான அளவு கத்தினால் நோட்டு மூடப்படும் என்று பையன் கற்றுக்கொள்கிறான். அடித்தால் உடனே சத்தம் அடங்கும் என்று அம்மா கற்றுக்கொள்கிறார். அடுத்த நாள் இருவரும் கொஞ்சம் மேலே இருந்தே தொடங்குகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் தன் குழுவினரை வீடுகளுக்கே அனுப்பி, பெற்றோரும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் செய்வதை வரிசையாகப் பதிவு செய்யவைத்து, 1982-இல் இந்தச் சுழலை விரிவாக எழுதினார். இன்று உலகம் முழுக்க நடக்கும் பெற்றோர் பயிற்சிகள் பலவற்றுக்கு அதுதான் அடிப்படை. இந்தச் சுழலில் மாட்டியவர்களில் கெட்டவர் யாரும் இல்லை என்பதை எந்த அம்மாவிடமும் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அழுகை வரும்.

சரி, நோட்டைக் கண்டால் மட்டும் ஏன் இந்தப் பாடு? நான் அவனை ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்தான். 'பாடம்' 'படம்' ஆனது, 'கொடு' 'கெடு' ஆனது. நான்காவது வரியில் வயிறு வலிக்கிறது என்றான். அதே அளவுள்ள இன்னொரு பத்தியை நான் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டபோது ஒன்றைக்கூட விடாமல் பதில் சொன்னான். நான் கேட்காத ஒரு கேள்வியையும் அவனே கேட்டான்.

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். சூட்டிகையான பையன். கணக்கு வரும். ஆனால் 'பெர்சி' என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதினான். பாடம் முழுவதும் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவன் ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவுசெய்திருக்கிறார். டிஸ்லெக்சியா என்று நாம் இன்று சொல்லும் வாசிப்புக் குறைபாட்டின் மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் அதே பையன்களைச் 'சோம்பேறி' என்கிறோம்.

பேச்சு தானாக வரும், வாசிப்பு அப்படி வராது. கேட்கும் சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, அந்த ஒலியை எழுத்தோடு ஒட்டவைக்க மூளை பழக வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஒட்டுதல்தான் சிரமம். தமிழில் அதற்கென்று சில முடிச்சுகள் உண்டு. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கல்'லிலும் 'தங்கம்' என்பதிலும் ஒரே எழுத்து இரண்டு விதமாக ஒலிக்கும். நமக்கு மறந்தே போய்விட்ட இந்த வேலையை அந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லிலும் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறான். நாள் முழுக்கப் பள்ளியில் அதைச் செய்து தோற்றுவிட்டு வீட்டுக்கு வருகிறான். வந்ததும் அதே தோல்வியை அவன் மிகவும் நேசிக்கும் ஒருவர் முன்னால் இன்னொரு முறை நடத்திக்காட்டச் சொல்கிறோம். நோட்டு பறக்காமல் என்ன செய்யும்?

பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 5 முதல் 15 பேருக்கு ஏதோ ஒரு கற்றல் குறைபாடு இருக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைபாடு ஏறத்தாழ 5 பேருக்கு. இரண்டும் சேர்ந்தே வருவது சாதாரணம். இந்தப் பையனுக்கும் இரண்டும் இருந்தன. ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்றதையும் தேட வேண்டும். கவனத்துக்கு மருத்துவர் தரும் மருந்து பல பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது வாசிக்கக் கற்றுக்கொடுக்காது, உட்கார்ந்து கற்கும் நிலையைத்தான் தரும். மருந்து தொடங்கியும் மதிப்பெண் ஏறவில்லையே என்று ஏமாந்துபோகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அவசரப்பட்டுப் பெயர் சூட்டுவதும் ஆபத்துதான். ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். காதும் கண்ணும் சோதித்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்கிறேன். இரவில் குறட்டை விட்டு வாய் திறந்து தூங்கும் பிள்ளைக்கு மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். தூக்கம் கெட்ட பிள்ளை பல நேரம் பகலில் சுருண்டு படுக்காது, துள்ளித் திரியும். சில விநாடிகள் அப்படியே வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தொடர்ந்தால் அதைப் பகற்கனவு என்று விட்டுவிடாதீர்கள். ஒருவகை வலிப்பும் அப்படித்தான் தோன்றும். நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் நான் முதலில் கேட்டுக்கொண்டது இதுதான்: ஒரு மாதத்துக்கு நீங்கள் இவனுக்கு டீச்சராக இருக்க வேண்டாம்.

"அப்போ படிப்பு?" என்று பதறினார். பதறத்தான் செய்வார்கள். வாசிப்பைக் கற்றுக்கொடுக்கச் சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறார். ஒலி, எழுத்து, அசை, சொல் என்று படிப்படியாக, ஒன்று நிலைத்த பிறகே அடுத்தது, கண்ணும் காதும் கையும் சேர்ந்து வேலை செய்யும்படி அவர் கொண்டுபோவார். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். மாலையில் கத்திக்கொண்டே ஓர் அம்மா அதைச் செய்துவிட முடியாது, செய்யவும் வேண்டாம். அம்மா என்ற இடத்தை நிரப்ப வேறு ஆள் கிடையாது.

வீட்டுப்பாடத்தை அளவால் நிறுத்தாமல் கடிகாரத்தால் நிறுத்தச் சொன்னேன். 20 நிமிடம். அலாரம் அடித்ததும், பாதி வரியில் இருந்தாலும், நோட்டு மூடப்படும். "இவ்வளவுதான் முடிந்தது" என்று அம்மா ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுவார். இதை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் வகுப்பில் அடி அவனுக்குத்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கத்தியதால் நோட்டு மூடப்படக் கூடாது, நேரம் ஆனதால் மூடப்பட வேண்டும். முதல் வாரம் இன்னும் மோசமாகத்தான் போகும். இதுவரை பலித்த ஆயுதம் திடீரென்று பலிக்காதபோது யாரும் அதை இன்னும் ஓங்கித்தான் வீசிப் பார்ப்பார்கள். அந்த வாரத்தில் கைவிட்டால், இன்னும் உரக்கக் கத்த வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொடுத்ததாக ஆகும். அந்த ஏழெட்டு நாளும் தினமும் எனக்கு போன் செய்யலாம் என்றேன், செய்தார்.

கட்டளைகளைச் சுருக்கச் சொன்னேன். அடுக்களையிலிருந்து "பையை எடுத்து வச்சிட்டு, கையைக் கழுவிட்டு, நோட்டை எடு" என்று கூவினால் அவன் காதில் கடைசிச் சொல்தான் மிஞ்சும். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒன்றே ஒன்று. அதை முடித்ததும் "பையை அதோட இடத்துல வச்சிட்டியே" என்று செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். வெறும் "குட் பாய்" இந்தப் பிள்ளைகளிடம் ஒட்டாது, தாங்கள் நல்ல பையன்கள் என்பதை அவர்கள் நம்புவதை நிறுத்தி நாளாகியிருக்கும்.

2007-இல் பிலிப் ஷா என்ற ஆய்வாளரின் குழுவினர் மூளை ஸ்கேன்களை ஒப்பிட்டு ஒன்றைக் காட்டினார்கள். மூளையின் மேலடுக்கான புறணியின் பாதிப் பகுதிகள் உச்சத் தடிமனை எட்டும் வயது, மற்ற பிள்ளைகளுக்கு ஏழரை, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குப் பத்தரை. வளரும் வழி ஒன்றுதான், நேரம் பிந்துகிறது. ஒன்பது வயதுக்காரனிடம் ஒன்பது வயதுப் பொறுமையை எதிர்பார்த்து அடிக்கிற அப்பாக்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று செலவு வைக்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். டிஸ்லெக்சியாவுக்கு அவை உதவுவதாக அறிவியல் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் சங்கங்கள் 2009-இலேயே கூட்டாக அறிவித்துவிட்டன.

டீச்சர் வேலையை விட்டதும் மிஞ்சிய நேரத்தில் அந்த அம்மா இரவில் கதை வாசித்தார். அவன் வாசிக்க வேண்டியதில்லை, படுத்துக் கேட்டால் போதும். வாசிப்பு பிந்தும் பிள்ளைக்குச் சொல்வளமும் உலக அறிவும் சேர்ந்து பிந்திவிடாமல் காக்கும் வழி அது.

மூன்றாம் மாதம் அப்பா தனியாக வந்தார். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துப் பேசினார். அலுவலகத்தில் படிவம் வந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்துத்தான் நிரப்புவாராம். எத்தனையோ வருடமாக அப்படித்தானாம், வெளியே யாருக்கும் தெரியாதாம்.

"பையனுக்குச் செஞ்ச அந்த டெஸ்ட்டு, பெரியவங்களுக்கும் உண்டா மேடம்?"

உண்டு என்றேன். அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன்.