கண்புரை: உரிக்கிற ஏடு அல்ல

"புரை நல்லா முத்தட்டும், அப்புறம் உரிச்சுக்கலாம்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். முத்தவும் விடக்கூடாது, உரிக்கவும் அங்கே எதுவும் இல்லை.

'புரை' என்றால் பழுது, குற்றம். 'புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்ற குறளில் (292) அந்தப் பொருள்தான். உட்டுளை என்றும் பொருள் உண்டு. புரையோடிய புண் என்கிறோமே, அது. ஆக, கண்புரை என்பது கண்ணில் நேர்ந்த பழுது. பழுதாவது கண்மணிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ், அதாவது விழிவில்லை. வயதாலோ, சர்க்கரை நோயாலோ, அடிபட்டதாலோ, நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்ததாலோ அதிலுள்ள புரதம் திரண்டு வில்லையே மங்கிவிடுகிறது.

கண்புரைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'கேட்டராக்ட்' வந்த வழி வேறு. கிரேக்கத்தில் அது பாய்ந்து விழும் அருவி. தலையிலிருந்து நீர் கண்ணுக்குள் இறங்குவதாக அரபு மருத்துவர்கள் எண்ணினார்கள். 11ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய நூல்களை லத்தீனுக்குக் கொண்டுபோன, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த துறவி கான்ஸ்டன்டைன் இந்தச் சொல்லை வைத்தார். மங்குவது வில்லைதான் என்று ஐரோப்பா ஏற்றுக்கொள்ள 18ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. அருவியைவிட நம் சொல்லே நோய்க்குப் பொருத்தம் என்பேன்.

அறுவையில் நடப்பது இதுதான்: இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கீறல் வழியே நுண்குழாயை நுழைத்து, மீயொலி (அல்ட்ராசவுண்ட்) அதிர்வால் வில்லையை உடைத்து உறிஞ்சுகிறார்கள். வில்லையின் மெல்லிய உறையை அப்படியே விட்டுவைத்து, அதற்குள் மடித்த செயற்கை லென்ஸை வைத்தால் அது தானே விரிந்துகொள்ளும். சொட்டு மருந்தால் புரை கரையாது. முத்த விட்டால் வில்லை உப்பி, கண் அழுத்தம் ஏறி, கடும் வலியில் கொண்டுபோய் விடலாம்.

'கண்ணில் பூ விழுந்தது' என்பதும் புரை அல்ல. அது புண் ஆறியபின் கருவிழியில் நிற்கும் வெள்ளைத் தழும்பு. வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் ஏறுவது சதை வளர்ச்சி. இரண்டும் கண்ணின் மேற்பரப்பில் வருபவை.

கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயையும் பலர் 'புரைதான்' என்று தள்ளிப்போடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இதுதான். புரையால் மங்கிய பார்வை, கண்ணில் வேறு கோளாறு இல்லாவிட்டால், அறுவைக்குப்பின் திரும்பிவிடும். கண் அழுத்த நோயில் பார்வை நரம்பு கெட்டு இழந்த பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்கத்தான் சொட்டு மருந்து.