‘விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று சொல்லப் பள்ளிக்கு உரிமை இல்லை

ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள், பள்ளியில் தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையை இரவில் சொல்லி அழுகிறாள். மறுநாள் காலை அம்மா தலைமையாசிரியர் அறைக்குப் போகிறார். உட்காரச் சொல்கிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள், பொறுமையாகக் கேட்கிறார்கள். கடைசியில் அந்த வாக்கியம் வருகிறது: “நாங்கள் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் அம்மா, அதுவரை வெளியே யாரிடமும் பேச வேண்டாம்.” கேட்பதற்குப் பொறுப்பான பதிலைப் போலத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்கிற தலைமையாசிரியர் குற்றம் செய்தவர் ஆகிவிடுகிறார். இது பெற்றோருக்கும் தெரிவதில்லை, பல ஆசிரியர்களுக்கும் தெரிவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போக்சோ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் சட்டம், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012. அந்த ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிறையாத எல்லாரும் இதன்படி குழந்தைகள்தான். ஆண் குழந்தைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ‘பையன்தானே, இதில் என்ன இருக்கிறது’ என்று தட்டிக்கழிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை; சட்டம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

பள்ளியோடு நேரடியாகத் தொடர்புள்ள பிரிவு 19. குழந்தை மீது குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ, நடந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தாலோ, காவல் நிலையத்திலோ சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவிலோ தகவல் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடமை யாருக்கு? எல்லாருக்கும். வகுப்பாசிரியருக்கு, உடற்கல்வி ஆசிரியருக்கு, அலுவலக உதவியாளருக்கு, பள்ளி வாகன ஓட்டுநருக்கு, பெற்றோருக்கு. வகுப்பாசிரியர் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார். முடியவில்லை. தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார். அதுவும் போதாது. கல்வித் துறைக்குச் சொல்வது துறை நடவடிக்கைக்கு. சட்டம் கேட்பது காவல் துறைக்குச் சொல்வதை.

நடந்தது உண்மைதானா என்று கண்டறியும் வேலையைச் சட்டம் பள்ளிக்குக் கொடுக்கவே இல்லை. அந்த வேலை காவல் துறையுடையது, அதன்பின் நீதிமன்றத்துடையது. பள்ளி ‘விசாரணை’ என்ற பெயரில் செய்வது என்ன? குழந்தையை நான்கைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்கு அழைத்து, முதலில் இருந்து சொல்லச் சொல்வார்கள். சில இடங்களில் குற்றம் சாட்டப்பட்டவரையும் எதிரிலேயே நிறுத்துவார்கள். குழந்தை மிரண்டு, வார்த்தை மாறி, ‘அப்படி எதுவும் இல்லை’ என்று சொல்லிவிடும். அதை எழுதி வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வார்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் இது குழந்தைக்கு இழைக்கும் இரண்டாவது கொடுமை, வழக்கையும் கெடுத்துவிடும்.

தகவல் தெரிவிக்காமல் மறைத்தால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். தாளாளர், முதல்வர், விடுதிப் பொறுப்பாளர் எல்லாரும் இதற்குள் வருவார்கள். மகாராஷ்டிரத்தின் ராஜுராவில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமையில், அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் தெரிந்தும் சொல்லவில்லை என்று வழக்குப் போடப்பட்டது. உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சிதான் என்று சொன்னது.

‘சொல்லி, கடைசியில் பொய் என்று ஆகிவிட்டால்?’ ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது என்று பிரிவு 19-லேயே எழுதியிருக்கிறது. பழிவாங்கும் நோக்கத்தோடு வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பவருக்குத்தான் தண்டனை. அதிலும் புகார் கொடுத்தது குழந்தை என்றால் எந்தத் தண்டனையும் கிடையாது.

குற்றம் செய்தவர் பள்ளியின் ஊழியரோ நிர்வாகியோ என்றால் சட்டம் அதைக் கூடுதல் கொடுமையாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வன்புணர்வு என்றால் 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 20 ஆண்டு. ஆயுள் முழுவதும் சிறையும், மரண தண்டனை வரையும் போகலாம். தவறான நோக்கத்தோடு தொடுவதற்கு 5 முதல் 7 ஆண்டு. உடைக்கு மேல் தொட்டது குற்றமாகுமா என்ற குழப்பத்துக்கும் 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது: தோலோடு தோல் பட்டதா என்பது முக்கியமில்லை, நோக்கம்தான் முக்கியம். தமிழ்நாட்டில் இதற்கு மேல் துறை நடவடிக்கையும் உண்டு. பாலியல் குற்றத்தில் ஈடுபட்டது உறுதியான ஆசிரியரைப் பணிநீக்கம் செய்வதோடு அவருடைய கல்விச் சான்றிதழையும் ரத்து செய்ய 2012-ஆம் ஆண்டின் அரசாணை 121 வழிசெய்கிறது.

சமாதானம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள், பணம் பேசப்படும், ‘பெண் பிள்ளை வாழ்க்கை’ என்ற வார்த்தை வரும். ராஜஸ்தானில் அரசுப் பள்ளி ஆசிரியர் மீது புகார் கொடுத்த தந்தையே பிறகு ‘தவறாகப் புரிந்துகொண்டோம்’ என்று எழுதிக் கொடுத்தார். அதை ஏற்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டு வழக்கு தொடர வேண்டும் என்றது. பெற்றோரும் ஆசிரியரும் கைகுலுக்கிக்கொண்டால் மறைந்துவிடும் தனிப்பட்ட தகராறு அல்ல இது.

புகார் கொடுத்த பிறகு குழந்தையை என்ன பாடு படுத்துவார்களோ என்று பயந்துதான் பல குடும்பங்கள் பின்வாங்குகின்றன. அதனால் சட்டம் சொல்லும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமில்லாமல் கேட்டு வாங்குங்கள். குழந்தையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வாக்குமூலம் எடுக்கும்போது பெற்றோரோ குழந்தை நம்பும் இன்னொருவரோ பக்கத்தில் இருக்கலாம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். அவசர சிகிச்சைக்குப் போகும்போது ‘போலீஸ் கடிதம் எங்கே’ என்று மருத்துவமனை கேட்கக் கூடாது, சிகிச்சை இலவசம்.

புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல் துறை, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் அனுப்ப வேண்டும். இந்தக் குழுவை நம் மக்கள் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். வழக்கு முடியும் வரை குடும்பத்தோடு கூடவே வருவதற்கு ஒரு உதவியாளரை நியமிக்கும்படி இந்தக் குழுவிடம் கேட்கலாம். தினக்கூலிக் குடும்பம் என்றால் உணவு, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுக்கும் குழு பணம் பரிந்துரைக்கலாம். இழப்பீடு தனி, வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு தரச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நீதிமன்றத்தில் குழந்தை குற்றவாளியின் முகத்தைப் பார்க்காதபடி ஏற்பாடு செய்ய வேண்டும், விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். குழந்தையின் பெயர், படம், முகவரி மட்டுமல்ல, அடையாளம் காட்டிவிடக்கூடிய பள்ளியின் பெயரையும் ஊடகம் வெளியிடக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ‘இந்தப் பள்ளியில் இந்த வகுப்புப் பிள்ளைக்கு’ என்று ஆவேசத்தில் பகிர்கிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி, நடப்பதற்கு முன்பே பள்ளி செய்ய வேண்டியவை. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள்படி, குழந்தைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரின் பின்னணியையும் காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும். ஒரு முறை அல்ல, அவ்வப்போது. ஒப்பந்தக்காரர் அனுப்பும் காவலாளி, வேன் ஓட்டுநர், மாலையில் மட்டும் வரும் கராத்தே பயிற்சியாளர் இவர்களையும் சேர்த்துத்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டியும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றி என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகள் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தேன். ஒரு கூட்டத்தில் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். தலைமையாசிரியர் அறை வாசலில், அலுவலக மேசைக்கு நேர் எதிரே, என் தோள் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். சிறிய பூட்டு, சாவி அலுவலக மேசை இழுப்பறையில். திறந்து பார்த்தோம். இரண்டு மிட்டாய்க் காகிதங்களும், மின்விசிறி ஓடவில்லை என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்று, அத்தனை பேர் பார்க்க, எட்டாத உயரத்துக்கு எக்கி நின்று, தன் ஆசிரியரைப் பற்றி எழுதிய சீட்டைப் போடுமா? பெட்டியை நூலகம் போகும் வழியில் தாழ்வாக மாட்ட வேண்டும், அலுவலகத்துக்கு வெளியே ஒருவரும் உடன் இருந்துதான் திறக்க வேண்டும் என்று தீர்மானம் எழுத இரண்டு கூட்டங்கள் ஆயின. மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் ஏற்பாடு. இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. அதே சட்டத்தின் பிரிவு 17, அடிப்பதையும் மனம் நோகும்படி நடத்துவதையும் தடை செய்கிறது என்பதையும் அங்கே எழுப்பலாம்.

18 வயது நிறைந்த மாணவர்களுக்கு வழி வேறு. பிளஸ் டூ முடிப்பதற்குள் 18 ஆகிவிடும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். கல்லூரியில் பெரும்பாலோர் அந்த வயதினர். பெண்கள் என்றால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 உதவும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்வி நிறுவனம் உள் புகார்க் குழு அமைத்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். கல்லூரிகளுக்கு பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் வகுத்த நெறிமுறை ஆண் மாணவர்களையும் திருநர்களையும் சேர்த்தே பாதுகாக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: 18 வயதுக்குக் கீழுள்ள குழந்தையின் புகாரை இந்த உள் குழுவுக்கு அனுப்பிவிட்டுப் பள்ளி காத்திருக்கக் கூடாது. அது முதலில் காவல் துறைக்குத்தான் போக வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் படிக்கும் சிறப்புப் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி மையங்களிலும், வயது வந்த பிறகும் மற்றவரைச் சார்ந்தே இருக்கும் மாணவர்கள் உண்டு. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது என்று உடலைத் தொடும் உதவி அங்கே அன்றாட வேலை. அதனால் எல்லை மீறுவதும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் பிரிவு 7, இவர்கள் துன்புறுத்தப்படுவதாக நம்பும் எவரும் நிர்வாக நடுவருக்கு (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் கொடுக்கலாம் என்கிறது. தன் பிடியில் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பெண்ணையோ குழந்தையையோ பாலியல் ரீதியாகச் சுரண்டினால் பிரிவு 92-இன்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. வாய்பேச இயலாதவரின் வாக்குமூலத்துக்குச் சைகை மொழி தெரிந்தவரைக் கேட்டுப் பெறலாம்.

எண்கள்: 1098 குழந்தைகளுக்கான உதவி எண், நாள் முழுவதும் இயங்கும், கட்டணமில்லை. 14417 தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் எண். அவசரம் என்றால் 112. ஆசிரியராக இருந்தால் தொலைபேசியோடு நிற்காதீர்கள். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே, நீங்கள் கேள்வி எதுவும் சேர்க்காமல், தேதியும் நேரமும் போட்டு எழுதி, காவல் நிலையத்தில் கொடுத்துப் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதை நிலையப் புத்தகத்தில் எழுதி, உங்களுக்கே படித்துக் காட்ட வேண்டும் என்பதும் பிரிவு 19-இல் இருக்கிறது. படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். குழந்தை சொன்ன சொல் ஏதாவது விடுபட்டிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள்.