கட்டக இடைமுகம்: சி.என்.சி. பேனலுக்குள் ஒரு சொல்லாய்வு

சி.என்.சி. இயந்திரத்தின், அதாவது கணினி சொல்லும் எண்களின்படி உலோகத்தையும் மரத்தையும் வெட்டும் இயந்திரத்தின், மின் பேனலைத் திறந்து பாருங்கள். கணினியிலிருந்து வரும் ஒற்றைக் கேபிளும், மோட்டாரை ஓட்டும் டிரைவ்களுக்கும், மேசை எல்லையைத் தொட்டதும் அறிவிக்கும் லிமிட் சுவிட்சுகளுக்கும் கற்றை கற்றையாகப் போகும் ஒயர்களும் ஓர் அட்டையில் சந்தித்துக்கொள்ளும். ஓரம் முழுக்கத் திருகு முனைகள், நடுவில் சில கறுப்புச் சில்லுகள். இதற்குச் சிலர் ‘இன்டர்ஃபேஸ் கார்டு’ என்பார்கள். சிலர் ‘பிரேக்அவுட் போர்டு’ என்பார்கள். வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொள்ளும்படி தனித்தனித் துண்டுகளாக வந்தால் முன்னால் ‘மாடுலர்’ என்ற அடைமொழியும் சேர்ந்துவிடும். இந்தச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

இன்டர்ஃபேஸ் கணினிக்காரர்கள் உண்டாக்கிய சொல் அல்ல. லத்தீன் வேர்களைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் இயற்பியலார் புழங்கிய சொல் அது. எண்ணெயும் நீரும் ஒரே கலத்தில் இருந்தால் இரண்டுக்கும் பொதுவான ஒரு பரப்பு இருக்குமே, அதுதான் இன்டர்ஃபேஸ். 1960களில்தான் மின்னணுவியலும் கணினியியலும் இதைத் தமதாக்கிக்கொண்டன. தமிழில் ‘இடைமுகம்’ என்று பெயர்த்தவர்கள் வேருக்கு வேர் பெயர்த்தார்கள். அப்படிப் பெயர்த்தவற்றில் பல பொருந்தாமல் நிற்கும், இது பொருந்திவிட்டது. காரணம், தமிழில் முகம் என்பது கண்ணும் மூக்கும் மட்டுமல்ல. கடலும் கரையும் கூடுமிடம் துறைமுகம். ஆறு கடலில் சேருமிடம் முகத்துவாரம். கணினியில் கேபிளைச் செருகும் ‘போர்ட்’டைத் தமிழில் ‘துறை’ என்று எழுதுபவர்கள் இருப்பதால், துறையும் முகமும் கணினிக்குள்ளும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.

எண்களால் இயந்திரத்தை ஓட்டும் எண்வழிக் கட்டுப்பாட்டின் (சி.என்.சி.யில் வரும் ‘என்.சி.’ இதுதான்) தொடக்கத்தில் இந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செய்து காட்டிய மில்லிங் இயந்திரத்தைத் துளையிட்ட நாடா ஓட்டியது. வெற்றிடக் குழாய்கள் அடங்கிய அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த ஓர் இயந்திரத்துக்காகவே கட்டப்பட்டது. இடையில் நிற்க எவரும் தேவைப்படவில்லை. எழுதவும் கணக்குப் பார்க்கவும் இருந்த பொதுவான கணினியை லேத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோதுதான் இரண்டுக்கும் நடுவே பள்ளம் தெரிந்தது.

முதல் பள்ளம் மின்னழுத்தம். கணினியின் சில்லுகள் 3.3 அல்லது 5 வோல்ட்டில் பேசுகின்றன. தொழிற்கூடத்துச் சுவிட்சுகளும், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களும் பெரும்பாலும் 24 வோல்ட்டில். நேராகக் கோத்தால் சில்லு கருகும். எனவே அட்டையில் ஆப்டோகப்ளர் வைக்கிறார்கள். அதற்குள் ஒரு பக்கம் நுண்ணிய எல்.இ.டி., எதிரில் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். இரண்டையும் எந்தக் கம்பியும் இணைக்கவில்லை, ஒளி மட்டுமே தாண்டிப் போகிறது. இயற்பியலார் சொன்ன பரப்பு இங்கே உண்மையாகவே ஒரு பரப்பாக இருக்கிறது.

இரண்டாவது பள்ளம் நேரம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு மின் துடிப்புக்கு ஒரு படி என்று திரும்புவது. சுற்றுக்கு 200 படிகள் கொண்ட ஸ்டெப்பர் மோட்டாரில் ஒவ்வொரு படியையும் பத்தாகப் பிரித்தால் சுற்றுக்கு 2,000 துடிப்புகள் வேண்டும். சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகு என்றால் மில்லிமீட்டருக்கு 400. மேசையை நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓட்ட நொடிக்கு 40,000 துடிப்புகள், அதாவது 25 மைக்ரோநொடிக்கு ஒன்று. நடுவில் கணினி திரையைப் புதுப்பிக்கப் போய்விட்டால் மோட்டார் படி தவறும். வெட்டிக்கொண்டிருந்த துண்டு குப்பைக்குப் போகும். பழைய பிரின்டர் துறையை வைத்து ஓட்டியவர்களுக்கு இது பழகிய தலைவலி. அதன் 25 முனைகளில் வெளியீடு 12, உள்ளீடு 5, மீதி எட்டும் தரை (கிரவுண்ட்). இப்போது துடிப்பை உருவாக்கும் வேலை அட்டையிலுள்ள எஃப்.பி.ஜி.ஏ. சில்லுக்கு, அதாவது உள்சுற்றை வேண்டியபடி மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லுக்கு, போய்விட்டது. கணினியிலிருந்து இயந்திரத்தை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி போன்ற மென்பொருள் ‘இந்த வேகத்தில் போ’ என்று மட்டும் சொல்கிறது. துடிப்பைத் தவறாமல் எண்ணி அனுப்புவது அட்டையின் பாடு.

‘பிரேக்அவுட்’ என்பதில் அதிகம் இல்லை. ஒரே இணைப்பியில் நெருக்கியடித்து வரும் முனைகளைத் தனித்தனித் திருகு முனைகளாகப் பிரித்து விரிப்பது. ‘பிரிப்புப் பலகை’ என்றால் போதும். வெறுமனே பிரிக்கிற பலகையை இடைமுகம் என்று உயர்த்திச் சொல்வதும், துடிப்பை உருவாக்குகிற அட்டையைப் பிரிப்புப் பலகை என்று தாழ்த்துவதும் விளம்பரங்களில் சாதாரணம். பெயரை நம்பாமல் சில்லைப் பார்க்க வேண்டும்.

சிக்கல் ‘மாடுலர்’தான். ‘தொகுதி’ என்றால் தேர்தல் நினைவுக்கு வருகிறது. ‘கூறு’ என்று எழுதுபவர்கள் அதிகம், எனக்கு உடன்பாடில்லை. கூறு என்பது முழுதாக இருந்ததை வெட்டியதால் கிடைப்பது. மாடுலின் மூலமான லத்தீன் ‘மாடுலஸ்’ஸுக்குப் பொருளோ ‘சிற்றளவு’. தூணின் தடிமனைச் சார்ந்த ஓர் அளவை வைத்துக் கோயில் முழுவதையும் அளந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் பயன்படுத்திய சொல் அது. பொது அளவு ஒன்று இருப்பதால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

அந்த அளவு பேனலுக்குள் கண்ணுக்கே தெரிகிறது. இத்தகைய அட்டைகளைச் செய்யும் மெசா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பல எஃப்.பி.ஜி.ஏ. அட்டைகளில் 50 முனை இணைப்பி ஒன்று உண்டு: ஒற்றைப்படை முனைகளில் 24 சைகைகள் (சிக்னல்கள்), 49ஆவது முனையில் 5 வோல்ட், இரட்டைப்படை முனைகள் 25உம் தரை. இந்த ஒழுங்கை மாற்றாதவரை அதில் சர்வோ (இருக்கும் இடத்தைத் தானே அறிந்து திருத்திக்கொள்ளும் மோட்டார்) அட்டையைச் செருகலாம், ஸ்டெப்பர் அட்டையைச் செருகலாம், ரிலே வரிசையையும் செருகலாம். இந்த இணைப்பிதான் இங்கே மாடுலஸ். துண்டாக இருப்பதால் மட்டும் எதுவும் மாடுலர் ஆகிவிடாது.

எனவே என் தேர்வு ‘கட்டகம்’. ஆசிரியர் பயிற்சி ஏடுகளில் ‘பயிற்சிக் கட்டகம்’ என்று ஏற்கெனவே புழங்கும் சொல். கட்டு என்ற வேர் அதில் கேட்கிறது. வெட்டுவதைவிட, சேர்த்துக் கட்டுவதையே அது நினைவூட்டும். ‘கட்டக இடைமுக அட்டை’ என்பது முழுப்பெயர். நீளம்தான், அன்றாடப் பேச்சுக்கு ‘இடைமுக அட்டை’ போதும். ஆனால் ‘அட்டை’யை விட்டுவிட்டு ‘இடைமுகம்’ என்று மட்டும் கையேட்டில் எழுத வேண்டாம். இயந்திரம் ஓட்டுபவர் அதைத் திரையில் தெரியும் பயனர் இடைமுகம் என்று எடுத்துக்கொள்வார். ‘இடைமுகத்தில் பழுது’ என்ற வரியைப் படித்துவிட்டு, பேனலைத் திறக்காமல் திரையையே துடைத்துக்கொண்டிருப்பார்.