வேலிட்டீஸ் என்றால் 'வேலர்' இல்லை

ரோமப் படையைப் பற்றிய தமிழாக்கங்களில், வரிசைகளுக்கு முன்னால் நின்று எறிவேல் வீசும் வீரர்களைக் குறிக்கும் 'வேலிட்டீஸ்' என்ற சொல் வருமிடத்தில் 'வேலர்' என்று போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஒலி ஒத்துப்போகிறது, கையில் எறிகிற வேலும் இருக்கிறது, அப்புறம் என்ன யோசனை என்று விட்டுவிடுகிறார்கள். போன வாரம் படித்த ஒன்றில் 'நம் வேல்தான் ரோமுக்குப் போனது' என்று அடிக்குறிப்பே இருந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

லத்தீனில் ஒருமை வேலெஸ், பன்மை வேலிட்டீஸ். விரைவைக் குறிக்கும் வேலாக்ஸ் என்ற சொல்லோடு உறவு என்பார்கள். தமிழ் வேலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சரி, ஒலியை விடுங்கள், பொருளாவது பொருந்துகிறதா? வேல் போன்ற குத்தீட்டிக்கு லத்தீனில் பெயர் ஹஸ்தா. அதை வைத்துப் பெயர் பெற்றவர்கள் ஹஸ்தாட்டி, அதாவது வேலிட்டீஸுக்குப் பின்னால் நிற்கிற வரிசை. முன்னால் இருப்பவர்களை வேலர் என்று எழுதிவிட்டால் இவர்களை என்ன சொல்லி எழுதுவது? கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் எழுதிய கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஹஸ்தாட்டியே பீலும் என்ற எறியீட்டிக்கு மாறிவிட்டார்கள், ஹஸ்தா கடைசி வரிசையான ட்ரையாரியின் கையில் இருந்தது. பெயருக்கு உரிமையுள்ளவர்கள் பின்னால் இருக்க, அதைத் தூக்கி முன்னால் கொடுத்தால் வாசகருக்குப் போர்க்களமே தலைகீழாகிவிடும்.

வேலிட்டீஸ் வைத்திருந்ததைப் போலிபியஸ் அருமையாக விவரிக்கிறார். 4,200 பேர் கொண்ட லெகியன் என்ற ரோமப் படைப்பிரிவில் இவர்கள் 1,200 பேர், வயதிலும் வசதியிலும் குறைந்தவர்கள். வாள், மூன்றடி விட்டமுள்ள வட்டக் கேடயம், அலங்காரமில்லாத தலைக்காப்பு. அதன்மேல் சிலர் ஓநாய்த் தோலைப் போர்த்திக்கொள்வார்கள், துணிந்து முன்னேறுகிறவன் யார் என்று தலைவர்களுக்குத் தூரத்திலேயே தெரியட்டும் என்று. எறிவேலின் காம்பு இரண்டு முழம், விரல் பருமன். இரும்பு முனை ஒரு சாண், பட்ட முதல் அடியிலேயே வளைந்துபோகிற அளவுக்கு மெலிதாக அடித்துத் தீட்டியது. குறளில் வருகிற வீரன் தன் மார்பில் தைத்த வேலைப் பிடுங்கிச் சிரிக்கிறானே, அப்படிப் பிடுங்கினாலும் இதைத் திருப்பி எறிய முடியாது.

இவர்கள் போரைத் தொடங்கி வைத்து, எறிந்து முடித்ததும் வரிசைகளின் இடைவெளி வழியாகப் பின்வாங்குவார்கள். முன்னால் போகிற படைக்குத் தமிழில் தூசிப்படை என்ற பழைய பெயர் உண்டு. 'தார்தாங்கிச் செல்வது தானை' என்ற குறளில் வரும் தாருக்குப் பரிமேலழகர் தூசி என்றுதான் உரை சொல்கிறார். தூசி என்றால் புழுதி என்று வாசகர்கள் நினைத்துவிட மாட்டார்களா என்று சிலர் கேட்கிறார்கள். 'படை' ஒட்டிக்கொண்டு வரும்போது யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். 'இலகுரகக் காலாட்படை' என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். இலகுரகம் என்றாலே நமக்கு ஓட்டுநர் உரிமம் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டு, அந்த ஆட்கள் களத்தில் எங்கே நின்றார்கள், என்ன செய்தார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காததால் வருகிற வினை இது.

நான் முதல் இடத்தில் 'வேலிட்டீஸ் என்ற தூசிப்படை' என்று எழுதிவிட்டு, பிறகு தூசிப்படை என்றே போடுகிறேன். அவர்கள் ஆயுதம் எறிவேல், பீலும் எறியீட்டி, ஹஸ்தா குத்தீட்டி.