எர்லாங் மெயில்பாக்ஸ் ஏன் நிரம்புகிறது?

எர்லாங் என்னும் நிரல்மொழியில் எழுதிய சர்வர் நாள்போக்கில் மந்தமாகிறது, நினைவகம் இறங்காமல் ஏறிக்கொண்டே இருக்கிறது என்றால், நிரலைத் திறந்து வரி வரியாகப் படிப்பதற்கு முன் ஓர் எண்ணைப் பார்த்துவிட வேண்டும். எந்தப் புராசஸின் (தனித்து ஓடும் சிறு செயலின்) மெயில்பாக்ஸில் (அதற்கு வந்த செய்திகள் காத்திருக்கும் வரிசையில்) எத்தனை செய்திகள் தேங்கி நிற்கின்றன? ‘புராசஸ்_இன்ஃபோ’ ஃபங்ஷனுக்குப் புராசஸின் அடையாளத்தையும் ‘மெசேஜ்_கியூ_லென்’ என்பதையும் கொடுத்தால் விடை வந்துவிடும். நலமாக ஓடும் புராசஸில் அது பெரும்பாலும் பூஜ்யம், அல்லது ஒற்றை இலக்கம். ஆயிரக்கணக்கில் இருந்து, சில விநாடி கழித்துப் பார்க்கும்போது இன்னும் கூடியிருந்தால் கோளாறு அங்கேதான்.

எண்ணை மட்டும் கேளுங்கள். செய்திகளையே காட்டச் சொல்லி ‘மெசேஜஸ்’ என்று கேட்டுவிடாதீர்கள். மெயில்பாக்ஸில் இருக்கும் அத்தனையும் ஷெல் புராசஸுக்கு, அதாவது நீங்கள் கட்டளை தட்டும் புராசஸுக்கு, நகலெடுக்கப்படும். ஏற்கெனவே நினைவகத்துக்குத் திணறும் கணினியில் அந்த ஒரு கேள்வியே சர்வரை விழவைத்துவிடலாம். புராசஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்று அறிய ‘கரண்ட்_ஸ்டாக்ட்ரேஸ்’ போதும். லட்சம் புராசஸ்களில் எது நிரம்பியிருக்கிறது என்று தேட ‘ரீகான்’ நூலகத்தின் ‘ப்ராக்_கவுண்ட்’ உதவும். நீண்ட வரிசை கொண்ட முதல் ஐந்தையோ பத்தையோ அது பொறுக்கித் தரும்.

சரி, ஏன் நிரம்புகிறது? இந்த மொழி எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1980களின் பிற்பாதியில் ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் தொலைபேசி இணைப்பகங்களை மனத்தில் வைத்து உருவாக்கியது. ஓர் அழைப்பு கெட்டால் அடுத்த அழைப்பு கெடக் கூடாது என்பது அதன் அடிப்படை. ஆகவே ஒவ்வொரு புராசஸுக்கும் தனி ஹீப், அதாவது தனி நினைவகப் பகுதி, உண்டு. 64 பிட் கணினியில் புதிதாகப் பிறக்கும் புராசஸ் ஏறக்குறைய இரண்டரை கிலோபைட்தான் எடுக்கும். ஒருவர் நினைவகத்தை இன்னொருவர் தொட முடியாது. பேச வேண்டுமானால் செய்தி அனுப்ப வேண்டும், செய்தி நகலாகப் போகும். அனுப்பியவர் ஒரு கணமும் காத்திருப்பதில்லை. பெறும் பக்கத்து மெயில்பாக்ஸுக்கு உச்சவரம்பும் இல்லை.

கடைசி இரண்டு வாக்கியங்களும் சேர்ந்தால்தான் தொல்லை. ஒரு புராசஸ் ஒரு கோரிக்கையை முடிக்க 2 மில்லி விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 500 முடிக்கும். வந்து சேர்வது 550 என்றால் விநாடிக்கு 50 மிஞ்சும், ஒரு மணி நேரத்தில் 1,80,000 தேங்கும். அனுப்புகிறவர்களுக்கோ எதுவும் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

வெறும் தேக்கம் என்றால் கூட்டம் குறைந்ததும் வடிந்துவிடும். பல நேரம் வடிவதில்லை. அதற்குக் காரணம், மெயில்பாக்ஸிலிருந்து செய்தியை எடுக்கும் ‘ரிசீவ்’ வேலை செய்யும் விதம்.

ரிசீவ் மெயில்பாக்ஸின் பழைய முனையிலிருந்து தொடங்குகிறது. முதல் செய்தியை நீங்கள் எழுதிய பேட்டர்ன்களோடு (எதிர்பார்க்கும் செய்தி வடிவங்களோடு) மேலிருந்து கீழாக ஒப்பிடுகிறது. ஒன்றும் பொருந்தவில்லையா? அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறது. பொருந்தியது கிடைத்தால் அதை மட்டும் உருவி எடுக்கிறது. அடுத்த ரிசீவ் மறுபடி முதலிலிருந்து. அதாவது எந்தப் பேட்டர்னுக்கும் பொருந்தாத 10,000 செய்திகள் முன்னால் கிடந்தால், ஒவ்வொரு முறையும் அந்தப் பத்தாயிரத்தையும் தாண்டித்தான் வேண்டிய செய்தியை அடைய முடியும். வரிசை நீள நீள ஒவ்வொரு செய்தியின் செலவும் கூடும். செலவு கூடக் கூட வரிசை நீளும். கூடவே குப்பை சேகரிப்பின், அதாவது பயன்படாத நினைவகத்தை மீட்கும் வேலையின், பளுவும் ஏறும். இயல்புநிலை அமைப்பில் செய்திகள் புராசஸின் ஹீப்போடு சேர்த்தே எண்ணப்படுவதால், ஒவ்வொரு சேகரிப்பிலும் அவற்றையும் சுமந்து நகர்த்த வேண்டியிருக்கிறது. நிறையச் செய்தி வரும் என்று முன்பே தெரிந்த புராசஸுக்கு ‘மெசேஜ்_கியூ_டேட்டா’ என்ற கொடியை ‘ஆஃப்_ஹீப்’ என்று மாற்றி வைத்தால் இந்தச் சுமை குறையும். தேக்கம் அதனால் தீராது, மரணம் சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவே.

பொருந்தாத செய்தி எங்கிருந்து வருகிறது? இன்னொரு புராசஸ் விழுந்தால் செய்தி தரும் மானிட்டரை நீக்கும்போது ‘ஃப்ளஷ்’ விருப்பம் தராமல் விட்டால், அதற்குள் வந்துவிட்ட ‘டவுன்’ செய்தி அங்கேயே கிடக்கும். டைமரை ரத்து செய்தாலும் அதன் செய்தி அதற்கு முன்பே மெயில்பாக்ஸில் விழுந்திருக்கலாம். இன்னொரு பெரிய ஊற்று, தாமதமாக வரும் பதில். சர்வர் எழுத எர்லாங் தரும் ஆயத்த அச்சு ஜென்_சர்வர். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அதன் ‘கால்’ அழைப்புக்கு இயல்பான காலக்கெடு 5000 மில்லி விநாடி. அது தாண்டினால் கேட்ட புராசஸ் பிழையோடு முடியும். அந்தப் பிழையைப் பிடித்து வைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடினால், பிறகு வந்து சேரும் பதில் யாருக்கும் வேண்டாத விருந்தாளி. எர்லாங்கோடு வரும் நூலகத் தொகுப்பான ஓடிபியின் 24-ஆம் பதிப்பு முதல் இதற்குத் தீர்வு வந்துவிட்டது: புராசஸுக்கு ஒரு தற்காலிக மாற்றுப்பெயர் கொடுத்து அதற்குப் பதில் வாங்குகிறார்கள். கெடு முடிந்ததும் மாற்றுப்பெயர் செயலிழக்கும், தாமதமான பதில் வாசலிலேயே தொலையும். ஜென்_சர்வர் இல்லாமல் கேள்வி-பதிலைத் தாங்களே எழுதுகிறவர்கள் இதைத் தாங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

‘ஜென்_சர்வரில் எல்லாச் செய்தியும் எடுக்கப்படுகிறதே, குப்பை எப்படிச் சேரும்?’ என்று கேட்கலாம். உண்மைதான், அதன் முதன்மைச் சுழற்சி வருவதையெல்லாம் வரிசைப்படி எடுத்துவிடும். தெரியாதவை ‘ஹேண்டில்_இன்ஃபோ’ ஃபங்ஷனுக்குப் போகும். ஆனால் ஒரு கோரிக்கையைக் கையாளும் நடுவில் அது வேறொரு சர்வரைக் ‘கால்’ செய்தால், உள்ளே ஒரு ரிசீவ் ஓடுகிறது. அந்தச் சமயம் மெயில்பாக்ஸில் 50,000 செய்தி இருந்தால் அத்தனையையும் தாண்டித்தான் பதிலைத் தேட வேண்டும். இதை உணர்ந்து 2010-இல் வெளிவந்த ஆர்14 பதிப்பில் ஒரு குறுக்குவழி சேர்த்தார்கள். கேள்வியோடு புதிதாக ஓர் அடையாளக் குறி, அதாவது ரெஃபரன்ஸ், உருவாக்கி, ரிசீவின் எல்லாப் பேட்டர்னிலும் அந்தக் குறியையே எதிர்பார்த்தால், குறி பிறப்பதற்கு முன் வந்த செய்திகளில் அது இருக்க முடியாது என்று கம்பைலர் கண்டுகொள்ளும். தேடல் அந்த இடத்திலிருந்தே தொடங்கும். ஒரே ஒரு பேட்டர்னில் குறி இல்லாமல் போனாலும் சலுகை கிடைக்காது. ‘நிறுத்து’ போன்ற ஒரு பொதுச் செய்தியையும் அதே ரிசீவில் சேர்த்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

இதைவிடச் சிக்கலானது முன்னுரிமை வித்தை. அவசரச் செய்திக்கு மட்டும் ஒரு ரிசீவ், அது இல்லையென்றால் ‘ஆஃப்டர் 0’ (காத்திராமல் உடனே) வழியாக எல்லாச் செய்திக்குமான இன்னொரு ரிசீவ். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவசரச் செய்தி எதுவும் இல்லை என்று உறுதி செய்ய ஒவ்வொரு சுற்றிலும் முழு மெயில்பாக்ஸையும் கடைசிவரை பார்த்தாக வேண்டும். கூட்டம் இல்லாதபோது வேகம், கூட்டம் வந்ததும் முடக்கம். முன்னுரிமை தேவைப்படும் நேரமோ கூட்டமான நேரம்தான். அவசரச் செய்திக்குத் தனிப் புராசஸ் வைப்பது நல்லது. 2025-இல் வந்த ஓடிபி 28-இல் முன்னுரிமைச் செய்திக்கு மொழியிலேயே வசதி செய்திருக்கிறார்கள்.

தேக்கத்தைத் தடுக்கும் எளிய கருவி ‘கால்’தான். கேட்டவர் பதில் வரும்வரை நிற்பதால், சர்வரின் வேகத்துக்கு மேல் அவரால் அனுப்ப முடியாது. ‘காஸ்ட்’ அனுப்பிவிட்டுப் போய்விடும், தடை ஏதுமில்லை. பதில் வேண்டாம் என்பதற்காகவே பலர் காஸ்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதில் வெறும் ‘சரி’ என்றாலும் ‘கால்’ செய்வதே நல்லது என்பேன். ஒரே கணினிக்குள் அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். வரும் வேகத்துக்கு வேறு எங்காவது வரம்பு இருக்கும்போது மட்டும் காஸ்ட் போதும்.

‘கால்’ செய்வதிலும் கண்ணி உண்டு. அ என்னும் சர்வர் ஆ-வைக் கேட்டு நிற்கிறது, ஆ அதே வேளை அ-வைக் கேட்கிறது: இருவரும் ஐந்து விநாடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்று காலக்கெடுவில் விழுவார்கள். யார் யாரைக் கேட்கலாம் என்பதை ஒரே திசையில் வைத்துக்கொண்டால் இது வராது. நீண்ட வேலை என்றால் கோரிக்கையைக் கையாளும் ‘ஹேண்டில்_கால்’ ஃபங்ஷன் உடனே ‘நோரிப்ளை’ என்று திரும்பிவிடலாம். கேட்டவரின் முகவரியை ஒரு துணைப் புராசஸிடம் கொடுத்துவிட்டால், வேலை முடிந்ததும் அது ‘ஜென்_சர்வர் ரிப்ளை’ மூலம் நேராகப் பதில் அனுப்பும். சர்வர் அதற்குள் அடுத்தவரைக் கவனிக்கலாம். துணைப் புராசஸ்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காவிட்டால் தேக்கம் மெயில்பாக்ஸிலிருந்து அங்கே குடிபெயரும் என்பதை மறக்க வேண்டாம்.

காலக்கெடுப் பிழை வந்தால் 5000-ஐ 30,000 ஆக்குவது, அல்லது ‘இன்ஃபினிட்டி’ போட்டுவிடுவது, பலர் எடுக்கும் முதல் நடவடிக்கை. நோயை மறைக்கிறதே தவிர ஆற்றுவதில்லை. கெடு முடிந்தது கேட்டவருக்குத்தான். கோரிக்கை இன்னும் சர்வரின் மெயில்பாக்ஸில் இருக்கிறது. முறை வரும்போது சர்வர் அதையும் சிரத்தையாகச் செய்து முடித்து, யாரும் எதிர்பார்க்காத பதிலை அனுப்பும். இதற்குள் கேட்டவர் மறுபடி முயன்றிருந்தால் அதே வேலை இருமுறை. கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது சர்வர் தன் நேரம் முழுவதையும் செத்த கோரிக்கைகளுக்கே செலவிடும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. கோரிக்கையோடு அதன் கடைசி நேரத்தையும், பின்னோக்கிப் போகாத ‘மோனோடோனிக்_டைம்’ கணக்கில் அனுப்பி, சர்வர் எடுக்கும்போதே கெடு கடந்ததைத் தூக்கி எறிந்தால் இது நிற்கும். சுவர்க் கடிகாரத்து நேரம் பின்னோக்கியும் திருத்தப்படலாம் என்பதால் அது இதற்கு உதவாது. மோனோடோனிக் நேரத்தை வெவ்வேறு நோடுகளுக்கிடையே (தனித்தனியாக ஓடும் எர்லாங் எந்திரங்களுக்கிடையே) ஒப்பிட முடியாது என்பதால் இந்த முறை ஒரே நோடுக்குள் மட்டும்.

படிப்பதற்காக மட்டும் ஒரே சர்வரைப் பலர் மொய்த்தால் தரவை ஈடிஎஸ் என்னும் நினைவக அட்டவணைக்கு மாற்றி, பலர் ஒரே நேரத்தில் படிக்க உதவும் ‘ரீட்_கன்கரன்ஸி’யை இயக்கி, வாசகர்களை நேராக அங்கே அனுப்பலாம். எழுதுவது மட்டும் சர்வர் வழியாக. அட்டவணையிலிருந்து எடுப்பதும் நகல்தான் என்பதால் பெரிய தரவை ஒரே பதிவாக வைக்காதீர்கள். அபூர்வமாக மாறும் அமைப்புகளுக்குப் ‘பெர்சிஸ்டென்ட்_டெர்ம்’ உண்டு, நகல் கிடையாது. ஆனால் ஒரு மதிப்பை மாற்றினால் எல்லாப் புராசஸ்களும் சோதிக்கப்படும், ஆகவே அடிக்கடி மாறும் எண்ணிக்கைகளை அதில் போடக் கூடாது.

நிரம்பிய புராசஸ் விழுந்தால், அதைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் என்னும் புராசஸ் புதிதாக எழுப்பும். மெயில்பாக்ஸ் காலி, எல்லாம் சரியானதுபோல் தெரியும். காத்திருந்த செய்திகள் அத்தனையும் பழைய புராசஸோடு போய்விட்டன என்பதும், பழைய அடையாளத்துக்கு இன்னும் அனுப்புகிறவர்களுக்குப் பிழை ஏதும் வராது என்பதும் கண்ணில் படாது. இறந்த புராசஸுக்கு அனுப்பிய செய்தி சத்தமில்லாமல் மறையும். பதிவாகாத பெயருக்கு அனுப்பினால்தான் ‘பேட்ஆர்க்’ பிழை வரும். வேறொரு விஷயம்: சூப்பர்வைசரின் இயல்பான பொறுமை 5 விநாடிக்கு 1 மறுதொடக்கம். அதற்குள் இரண்டாவது முறை விழுந்தால் சூப்பர்வைசரும் தன் பிள்ளைகளோடு சேர்ந்து நிற்கும். ஒரு சிறு புராசஸின் தேக்கம் முழுச் செயலியையும் சாய்க்கும் பாதை இதுதான். ஓடிபி 27 முதல் ‘சிஸ்டம்_மானிட்டர்’ நீண்ட வரிசைக்கு எச்சரிக்கை தருகிறது; எச்சரிக்கை தொடங்கும் அளவு, தணியும் அளவு என்று இரண்டு எண் கொடுத்தால் போதும்.

மெயில்பாக்ஸ்கள் காலி, ஆனாலும் நினைவகம் ஏறுகிறதா? ‘எர்லாங் மெமரி’ தரும் பட்டியலில் ‘புராசஸஸ்’ நிலையாக இருந்து ‘பைனரி’ மட்டும் வளர்ந்தால் வேறு கதை. 64 பைட்டுக்கு மேற்பட்ட பைனரிகள் (பைட் தொடர்கள்) புராசஸின் ஹீப்புக்கு வெளியே, பலரும் பகிரும்படி இருக்கின்றன. யாராவது பிடித்திருக்கும்வரை போகாது. 1 மெகாபைட் பைனரியிலிருந்து 100 பைட்டைப் பேட்டர்ன் மூலம் வெட்டி அட்டவணையில் வைத்தால் அந்த 100 பைட் முழு மெகாபைட்டையும் பிடித்திருக்கும். வைப்பதற்கு முன் ‘பைனரி காப்பி’ செய்துவிடுங்கள். பைனரிகளை வாங்கிக் கைமாற்றி விடுவது மட்டுமே வேலையான புராசஸ்களிலும் இது வரும். அவற்றின் ஹீப் வளர்வதே இல்லை என்பதால் குப்பை சேகரிப்பும் அரிதாகவே நடக்கும். அவ்வப்போது ‘ஹைபர்நேட்’ (நினைவகத்தைச் சுருக்கி உறங்குவது) செய்ய வைத்தால் பிடி விடும்.

அதே பட்டியலில் ‘ஆட்டம்’ என்னும் வரி வளர்ந்தால் தாமதிக்க வேண்டாம். பெயரே மதிப்பாக இருக்கும் ஆட்டம் வகை மதிப்புகள் குப்பை சேகரிப்பில் போவதே இல்லை. இயல்பான வரம்பு 10,48,576. அதைத் தொட்டால் விழுவது ஒரு புராசஸ் அல்ல, எர்லாங்கை ஓட்டும் முழு மெய்நிகர் எந்திரம். வெளியிலிருந்து வரும் ஜேசான் சாவிகளை ‘லிஸ்ட்_டு_ஆட்டம்’, ‘பைனரி_டு_ஆட்டம்’ வழியாக மாற்றும் வரிகளை நிரலில் தேடி, ‘பைனரி_டு_எக்ஸிஸ்டிங்_ஆட்டம்’ ஆக மாற்றுங்கள். தெரியாத சாவி வந்தால் அந்தக் கோரிக்கை மட்டும் பிழையோடு முடியும்.