சபைக்குப் பெயர் மாறினால் உங்கள் உறுதிப்பத்திரத்துக்கு என்ன ஆகும்?

2012இல் திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓர் அன்ரி ஒரு கோப்போடு என் அலுவலகத்துக்கு வந்தார். ஐந்து அறை கொண்ட சின்ன விடுதி அவருடையது, காணி வேறொருவருடையது. சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், வெள்ளைக்காரர் திரும்ப வரத் தொடங்கிய 2003இல், 15 வருடக் குத்தகைக்கு உறுதி எழுதியிருந்தார்கள். அதில் ஒரு நிபந்தனை: உல்லாசப் பயணச் சபையில் விடுதியின் பதிவு இருக்கும்வரைதான் குத்தகை செல்லும்.

யுத்தம் முடிந்து காணி விலை ஏறியது. காணிக்காரரிடமிருந்து சட்டத்தரணி கடிதம் வந்தது. சபை இப்போது இல்லை, ஆகவே சபையின் பதிவும் இல்லை, மூன்று மாதத்தில் எழும்புங்கள் என்று.

“தம்பி, சபையே இல்லையாமே. பிறகு நான் வருசா வருசம் காசு கட்டிப் புதுப்பிச்சது யாரிட்ட?”

நல்ல கேள்வி. பதிலைச் சொல்ல 1966இலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அந்த வருடத்தின் 10ஆம் இலக்கச் சட்டம்தான் சபையை உருவாக்கியது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘சிலோன் டூரிஸ்ட் போர்ட்’. 1972இல் நாடு சிலோனிலிருந்து ஸ்ரீலங்காவாக மாறிய பிறகும் சட்டத்தில் சபை சிலோன் சபையாகவே இருந்தது. தமிழில் நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை, எங்களுக்கு அன்றும் இலங்கைதான், இன்றும் இலங்கைதான். மாறியது மற்றச் சொல். உல்லாசப் பயணம் மெல்ல மெல்லச் சுற்றுலா ஆனது. அன்ரியின் உறுதியில் பழைய சொல், புதிய அனுமதிப்பத்திரத்தில் புதிய சொல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டு வேறு அலுவலகங்கள் போலத்தான் தெரியும்.

2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் வந்ததோடு 1966ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியது. சபையின் இடத்துக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வந்தது. இலக்கத்தில் 2005 என்று இருந்தாலும் அது நடைமுறைக்கு வந்தது 2007 ஒக்டோபரில்தான். இந்த இரண்டு வருட இடைவெளியில் பலர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். 2006இல் எழுதிய ஓர் ஒப்பந்தத்தில் பழைய பெயர் இருந்தால் அது பிழையே அல்ல.

அத்தோடு இது வெறும் பெயர் மாற்றமும் இல்லை. முன்பு ஒரு கூரைக்குள் இருந்த வேலைகளைப் பிரித்தார்கள். பதிவும் அனுமதிப்பத்திரமும் அதிகாரசபைக்கு, வெளிநாட்டு விளம்பரம் ஊக்குவிப்புப் பணியகத்துக்கு, மாநாட்டு வேலை இன்னொரு பணியகத்துக்கு, ஹோட்டல் பயிற்சி தனி நிறுவகத்துக்கு. ஒரு பழைய பத்திரத்தில் ‘சபை’ என்று இருந்தால் முதலில் கேட்க வேண்டியது எந்த வேலையைப் பற்றிய சபை என்பது. அன்ரியின் விடயத்தில் பதிவு. எனவே அதிகாரசபை.

இன்னொரு சிக்கல், 1968ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சுற்றுலா அபிவிருத்திச் சட்டம். அது நீக்கப்படவில்லை, இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது, அதன் கீழான வேலையையும் அதிகாரசபைதான் செய்கிறது. ஆனால் அதன் பழைய பிரதியை எடுத்துப் படித்தால் சபை என்றே இருக்கும். பழைய சட்டத்தைப் புதிய நிறுவனத்தோடு பொருத்திப் படிக்க, புதிய சட்டத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஸ்கொட்லாந்தில் இதை வேறு மாதிரிச் செய்தார்கள். அங்கே 1969ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய ஸ்கொட்டிஷ் டூரிஸ்ட் போர்ட், 2001 முதல் ‘விசிட்ஸ்கொட்லாந்து’ என்ற பெயரில் இயங்கியது. சட்டப் பெயர் பழையதுதான். 2006இல் தனிச் சட்டம் போட்டுச் சட்டப் பெயரையும் மாற்றினார்கள். அதோடு நிற்காமல், பழைய ஏற்பாடுகள் குறிக்கப்பட்டிருந்த மற்றச் சட்டங்களை அட்டவணை போட்டு ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். சலிப்பான வேலை. ஆனால் எனக்கு அந்த வழிதான் பிடிக்கும், சட்டத்தைத் திறக்கிற சாதாரண ஆள் சரியான பெயரைப் பார்ப்பார். ‘பழைய பெயர் வரும் இடமெல்லாம் புதியது எனக் கொள்க’ என்று ஒரே வரியில் முடிப்பது எழுதுகிறவருக்குச் சுகம், படிக்கிறவருக்குத் தலையிடி.

கனடாவில் இன்னும் வேடிக்கை. ‘டெஸ்டினேஷன் கனடா’ என்று உலகமெல்லாம் விளம்பரம் செய்கிற நிறுவனம் சட்டத்தில் இன்றும் கனேடியன் டூரிசம் கமிஷன்தான். விசிட்பிரிட்டனின் சட்டப் பெயரும் பிரிட்டிஷ் டூரிஸ்ட் ஒதோரிட்டி. அங்கே ஒப்பந்தம் எழுதும்போது விளம்பரப் பெயரை மட்டும் போட்டுவிட்டால் பிறகு வாதாட வேண்டி வரும்.

சரி, அன்ரியிடம் திரும்புவோம். ஒன்றை ஒளிக்காமல் சொன்னேன். ஒரு சட்டம் இன்னொரு சட்டத்திலுள்ள பெயரை மாற்றிப் படிக்கச் சொல்லலாம். இரண்டு தனியார் எழுதிய உறுதிக்குள் அது தானாக நுழைந்துவிடும் என்று எந்தத் துணிச்சலிலும் சொல்ல மாட்டேன். உறுதியை அதன் சொற்களையும் நோக்கத்தையும் வைத்துத்தான் படிக்க வேண்டும். நிபந்தனையின் நோக்கம் விடுதி அரசாங்கத்தில் பதிந்து ஒழுங்காக நடக்க வேண்டும் என்பது. அது நடந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம் 1901ஆம் ஆண்டின் பொருள்கோடற் கட்டளைச் சட்டம் இருக்கிறது, ஒரு சட்டம் நீக்கப்பட்டதால் மட்டும் அதன் கீழ் முன்பு பெற்ற உரிமை அழியாது என்கிற ஏற்பாடு அதில் உண்டு.

பதில் கடிதத்தோடு நான்கு தாள் இணைத்தேன்: 2003இல் இருந்த பதிவின் பிரதி, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் உரிய பக்கம், அது நடைமுறைக்கு வந்த திகதிக்கான வர்த்தமானி, 2007க்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கட்டிய பற்றுச்சீட்டு. கடைசித் தாள்தான் பலமானது. இடைவெளி ஒரு வருடமும் இல்லை. சட்டப் பக்கத்தைத் தமிழில் மட்டும் இணைக்கவில்லை, சிங்களப் பிரதியையும் வைத்தேன். இரண்டுக்கும் முரண் வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று எங்கள் சட்டங்களின் கடைசியில் ஒரு வரி இருக்கும், அதைப் பலர் வாசிப்பதில்லை. மறுபக்கம் மௌனமாகிவிட்டது. வழக்கு வரவில்லை.

உங்களிடம் பழைய குத்தகை, காப்புறுதி, வங்கிக் கடன் பத்திரம் இருந்தால் அதில் எந்த அரச நிறுவனத்தின் பெயர் வருகிறது, அது இன்னும் அதே பெயரில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். புதிதாக எழுதுவதென்றால் பெயருக்குப் பின்னால் ‘அல்லது அந்தப் பணியைச் சட்டப்படி பொறுப்பேற்கும் வேறு நிறுவனம்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். நொத்தாரிசு கூடுதலாக எதுவும் கேட்கமாட்டார்.

2018இல் வாடகையைக் கூட்டிக் குத்தகையைப் புதுப்பித்தோம். கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்த அன்ரி நிறுத்திவிட்டுக் கேட்டார்: “தம்பி, நாளைக்கு இந்த அதிகாரசபைக்கும் பேர் மாத்தினா?”

நான்காம் பக்கத்தைத் திருப்பி அந்த வரியை வாசித்துக் காட்டினேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு வைத்தார்.