நீங்கள் திட்டுவதைத்தான் அது கேட்டு வாங்குகிறது

மூன்று கிலோ பொமரேனியன் நாயின் கழுத்தில் ஷாக் காலர், அதாவது குரைத்தால் மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டை. ஏன் என்று கேட்டால், “குரைச்சே உயிரை எடுக்குது டாக்டர், எல்லாம் செஞ்சு பாத்தாச்சு” என்கிறார்கள். இப்படி வருவது இது முதல் தடவை அல்ல என்பதால்தான் எழுதுகிறேன்.

அந்த ‘எல்லாம்’ என்னவென்று விசாரித்தால் அதட்டியது, பேப்பரைச் சுருட்டி மிரட்டியது, மூக்கில் தட்டியது, கடைசியில் தாங்க முடியாமல் பிஸ்கட் கொடுத்தது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மடியில் இருக்கும் நாய் ‘வள்’ என்கிறது. பேச்சை நிறுத்தாமலே அவர் கை அதன் தலையைத் தடவுகிறது. இன்னொரு ‘வள்’. “ஷ்ஷ், சும்மா இருடா செல்லம்.” தான் இப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. நாய்க்குத் தெரியும்.

முதலில் எந்தக் குரைப்பு என்று பாருங்கள். கவனிப்புக் கேட்கும் நாய் உங்களைப் பார்த்துத்தான் குரைக்கும். ஒற்றைக் குரைப்பு, சின்ன இடைவெளி, முகத்தை ஒரு பார்வை, மறுபடி குரைப்பு. நீங்கள் போனை எடுத்ததும், சாப்பிட உட்கார்ந்ததும் தொடங்கும். கேட்டது கிடைத்த நொடியில் நின்றுவிடும். வாசலைப் பார்த்து விடாமல் குரைப்பது வேறு. ஆளில்லாத வீட்டில் ஊளையிட்டுக் கதவைப் பிராண்டுவது பிரிவுப் பதற்றம். நான் இங்கே சொல்லப்போகும் பயிற்சி கவனிப்புக் கேட்கும் குரைப்புக்குத்தான், பதற்றத்துக்கு ஆகாது. பயந்த நாயைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பயம்தான் கூடும்.

“நான் ஒண்ணுமே கொடுக்கலையே, திட்டத்தானே செஞ்சேன்?” பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கேள்வி இது. நாய் கேட்டது பிஸ்கட் இல்லை, உங்களை. திரும்பி முறைத்தீர்கள், பார்வை கிடைத்தது. பேர் சொல்லி அதட்டினீர்கள், பேச்சு கிடைத்தது. காலால் ஒதுக்கினீர்கள், தொட்டாயிற்று. அடுத்த அறையில் விடுகிறேன் என்று தூக்கிக்கொண்டு போகிறீர்களே, தூக்கினீர்கள் அல்லவா? அதன் கணக்கில் அதுதான் சேரும். நாள் முழுக்கச் சும்மா கிடந்தபோது ஏறெடுத்தும் பார்க்காத ஆள், குரைத்ததும் முழு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி தன்னோடு பேசுகிறார் என்றால் எந்த நாய் வாயை மூடும்? லாப்ரடார் குரைத்தால் யாரும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. குட்டி நாயைத் தூக்குவது சுலபம், அதனால் தூக்குகிறோம், அதனால் அது குரைக்கிறது. “இனமே அப்படி” என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. பொமரேனியன் போன்ற ஸ்பிட்ஸ் வகைகளுக்கும் டெரியர்களுக்கும் வாய் நீளம்தான். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துக் குரைத்தால் காரியம் ஆகும் என்பதை எந்த நாயும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற பாடம் உங்கள் வீட்டில் நடந்தது.

இதைவிட மோசம், ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு ஆறாவது நிமிடம் கொடுத்துவிடுவது. எப்போதாவது பலிக்கிற பழக்கம்தான் எப்போதும் பலிக்கிற பழக்கத்தைவிட மறக்கக் கடினமானது. கவனிப்பை நிறுத்திய முதல் சில நாட்களில் குரைப்பு குறையாது, கூடும். பேன்ட்டை இழுக்கும், செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும். பழைய வழி பலிக்கவில்லையே என்று கூடுதலாக முயல்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான வீடுகள் தோற்பது இங்கேதான். தாக்குப்பிடிக்க முடியாது என்றால் தொடங்கவே வேண்டாம். தொடங்கும் முன் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கண்டுகொள்ளாமல் இருப்பது என்றால் பார்வை, பேச்சு, தொடுதல் மூன்றும் கிடையாது. மடியில் இருந்துகொண்டு குரைத்தால் பேசாமல், பார்க்காமல் தரையில் இறக்கிவிடுங்கள். சடாரென்று எழுந்து நிற்காதீர்கள். டாய் எனப்படும் மிகச் சின்ன இனங்களுக்கு மடியிலிருந்து விழுந்தே முன்னங்கால் எலும்பு முறிந்ததைப் பார்க்கிறோம்.

இது பாதி வேலைதான். குரைக்காமல் எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர வேண்டாமா? குரைப்பு நின்று 2, 3 நொடி ஆனதும் “குட்” என்று சொல்லி, ஒரு நொடிக்குள் வாயில் ஒரு துணுக்குத் தின்பண்டம். அது பழகியபின் 5 நொடி, 10, 20, அரை நிமிடம். மளமளவென்று ஏற்றாதீர்கள், இரண்டு தடவை தொடர்ந்து சொதப்பினால் முந்தைய படிக்கு இறங்குங்கள். பிறகு உங்கள் முன்னால் வந்து பேசாமல் உட்கார்ந்தால் மட்டுமே கொஞ்சல், தூக்கல் எல்லாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘குரை, நிறுத்து, வாங்கு’ என்று மூன்றையும் ஒரே வித்தையாகக் கோத்துக்கொள்ளும் கெட்டிக்கார நாய்கள் நிறைய. ஆகவே குரைப்பே இல்லாத நேரத்தில், அது தன் பாயில் சும்மா படுத்திருக்கும்போது, நீங்களாகப் போய்க் கொடுங்கள். ஒரு நாளில் கொடுப்பதில் பாதிக்கு மேல் இப்படித்தான் போக வேண்டும். யாரும் செய்வதில்லை. நாய் அமைதியாக இருந்தால் ‘அப்பாடா’ என்று போனுக்குள் போய்விடுகிறோம்.

துணுக்கு என்றால் பட்டாணியில் பாதி. 3 கிலோ நாய்க்கு ஒரு நாள் முழுக்கத் தேவையே ஏறக்குறைய 200 முதல் 250 கலோரிதான். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அன்றைய உணவிலிருந்தே ஒரு பிடி எடுத்து வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கே வேண்டாம். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு) சேர்த்த எதுவும் கூடாது. ஒன்றே ஒன்றுகூட.

தினமும் ஒரே நேரத்தில் குரைக்கிறதா? அதற்குக் கால் மணி முன்பே வெளியே கூட்டிப்போய் ஆசை தீர மோப்பம் பிடிக்க விடுங்கள். சின்ன நாய்க்கு நடை வேண்டாம் என்று யார் சொன்னது?

வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம், தயவுசெய்து. நான்கு பேர் கண்டுகொள்ளாமல் இருந்து, ஐந்தாவது ஆள் மேஜைக்கடியில் ரகசியமாக ஊட்டினால் நான்கு பேரின் உழைப்பும் வீண்.

ஷாக் காலரைக் கழற்றி எறியுங்கள். அந்த வலியை நாய் தன் குரைப்போடு சேர்த்துப் பார்க்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது பக்கத்தில் நின்ற குழந்தையோடு சேர்த்துப் பார்க்கலாம், அடுத்து கடி. பொமரேனியன், யார்க்‌ஷைர் டெரியர், சிவாவா வகைகளுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து சரியும் நோய் வரும். அவற்றுக்கு நடைக்குக்கூடக் கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டாமல், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். குரல்நாணை வெட்டிவிட முடியுமா என்றும் கேட்கிறார்கள். வளர்ப்பு விலங்குகளுக்கான 1987 ஐரோப்பிய உடன்படிக்கை தடுத்திருக்கும் வேலை அது. செய்தாலும் நாய் குரைக்கத்தான் செய்யும், கரகரவென்று.

அமைதியாகவே இருந்த நாய் திடீரென்று கேட்டுக் கேட்டுக் குரைக்கத் தொடங்கினால் பயிற்சியில் இறங்காதீர்கள். சின்ன இனங்களுக்குப் பல் சீக்கிரம் கெடும், வலிக்கும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாய்க்குப் பசியும் தாகமும் உண்மையிலேயே கூடியிருக்கும். வயதானதற்குக் காது மந்தமாகியிருக்கலாம், மூளை தளர்ந்திருக்கலாம். நடு இரவில் எழுந்து சுவரைப் பார்த்துக் குரைக்கும் கிழநாய் உங்களிடம் அடம்பிடிக்கவில்லை. அதைப் பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை கூப்பிட்டால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.